கட்டுமான பொம்மைகள்: புதுப்பிப்பு

மூன்று வயதுக்குள் பெரிய கட்டைகள், பிறகு சிறியவை என்று முன்பு எழுதியிருந்தேன். மதுரை மாசி வீதிக் கடைகளில் கிடைக்கும் மலிவு செட்டுகள் பற்றிக் கேட்டவர்களுக்காக இது.

கடையிலேயே சோதியுங்கள். மேலே எட்டுக் குமிழ் உள்ள கட்டை ஆறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல் கட்டையை மட்டும் பிடித்து உதறுங்கள். கழன்று விழுந்தால் அச்சு அளவு சரியில்லை. கோபுரம் நிற்காது, பிள்ளை வெறுத்துவிடும். பல்லால் கடித்துப் பிரிக்கும் அளவுக்கு இறுகினாலும் வேண்டாம்.

லெகோவில் குமிழ் இடைவெளி 8 மி.மீ., அதே நிறுவனம் சிறு குழந்தைகளுக்குச் செய்யும் பெரிய கட்டையான டூப்ளோவில் சரியாக இரு மடங்கு, 16. அதனால் இரண்டும் சேரும். மற்ற நிறுவனங்களின் கட்டைகள் சேருமா என்பதை வீட்டுக் கட்டை ஒன்றைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பெட்டியில் தேடுங்கள்.

காந்தக் கட்டையில் விரிசல் விட்டால் அன்றே அப்புறப்படுத்துங்கள். உள்ளிருந்து வெளியே வரும் காந்தங்களில் இரண்டைப் பிள்ளை விழுங்கினால், அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலை நடுவில் நசுக்கி ஓட்டை போட்டுவிடும். சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.