ஹைப்ரிட் பற்றரிக் காற்றாடி சுழலவில்லை: பழுது காற்றாடியிலா, வயரிலா?

கேள்வி (யாழ்ப்பாணம்):
வணக்கம். ஜப்பானில் பாவித்தபின் இறக்குமதியான சிறிய ஹைப்ரிட் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் 144 வோல்ற்று நிக்கல் பற்றரி பின் இருக்கையின் கீழ் உள்ளது. மதிய வெயிலில் இருபது நிமிடங்கள் ஓடியதும் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கானர் பி0ஏ82 எனக் காட்டுகிறது. குறியீட்டை அழித்தால் மறுநாள் காலையில் வருவதில்லை, மதியம் வந்துவிடுகிறது. காற்றாடியின் இணைப்பியில் 12.4 வோல்ற்று இருப்பதால் காற்றாடிதான் பழுது என்கிறார் கராச்காரர். புதியதை வாங்குவதற்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில் 1:
கட்டாயம் பாருங்கள். கட்டளை கொடுத்தும் காற்றாடி உரியபடி இயங்கவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. காலையில் வராததும் புதிரன்று: பற்றரி சூடேறும்வரை கணினி காற்றாடியை அழைப்பதே இல்லை.

மல்ரிமீற்றர் மிகச் சொற்ப மின்னோட்டத்தையே இழுப்பதால், ஒரேயொரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் 12 வோல்ற்று காட்டும். எனவே இணைப்பியைக் கழற்றி, வயர்ப் பக்கத்தில் மின் வரும் முனைக்கும் ஏர்த் முனைக்கும் (காரின் உடல் வழியாக மின் திரும்பும் முனை) இடையே 21 வாற்று சிக்னல் பல்பு ஒன்றைப் பொருத்துங்கள். அது ஏறத்தாழ 1.75 அம்பியர் இழுக்கும். பல்பு மங்கலாக எரிந்தால், அது எரியும்போதே ஏர்த் முனைக்கும் 12 வோல்ற்று பற்றரியின் மறை முனைக்கும் இடையே அளவிடுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் பக்கம் கெட்டிருக்கிறது. இல்லாவிடில் பியூஸ், ரிலே, அவற்றுக்கிடையேயான வயர் என்று பின்னோக்கிப் போங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் மட்டுமே கட்டளை வயருக்கு, அதாவது காற்றாடியை இயக்கச் சொல்லிக் கணினியிலிருந்து வரும் வயருக்கு, வர வேண்டும். அதில் வருவது வேகமாக விட்டுவிட்டு வரும் துடிப்பு சமிக்ஞை என்பதால் சாதாரண மீற்றர் சராசரியைத்தான் காட்டும். ஸ்கானரிலிருந்து காற்றாடியை இயக்கி, நிலையைக் கூட்டக் கூட்ட அந்த அளவு மாறுகிறதா என்று பாருங்கள். மின், ஏர்த், கட்டளை மூன்றும் சரியாக இருந்தும் சுழலாவிட்டால் காற்றாடியைக் குற்றம் சொல்லலாம்.

பதில் 2:
காற்றாடி 12 வோல்ற்றில் இயங்குவதால் இதற்குப் பெரிய பற்றரியின் மூடியைத் திறக்கத் தேவையில்லை. திறக்கத்தான் வேண்டுமென்றால், வாகனத்தை முழுமையாக நிறுத்தி, மின்காப்புக் கையுறையோடு பெரிய பற்றரியின் மின்சுற்றைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறச் சேவிஸ் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடங்களாவது காத்திருங்கள். இருக்கையோரக் காற்றுத் துளையையும் பாருங்கள். தூசியும் முடியும் அடைத்திருந்தால், காற்றாடி சுழன்றாலும் பற்றரி குளிராது.

கேட்டவர்:
இன்று சோதித்தேன். பல்பு சிவந்து மங்கியது. ஏர்த் பக்கத்தில் மட்டும் 6.8 வோல்ற்று காட்டியது. வயரைத் தொடர்ந்து போனால், இருக்கையின் கீழுள்ள ஏர்த் போல்ற்றைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சந்தையிலிருந்து மீன் பெட்டியை அந்த இருக்கையில் வைத்துத்தான் கொண்டுவருவேன். உப்பு நீர் அங்கே இறங்கியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் அளவு 0.05 ஆகக் குறைந்தது, பழைய காற்றாடியே எல்லா நிலையிலும் சுழல்கிறது. மதியம் ஒரு மணி நேரம் ஓடியும் விளக்கு எரியவில்லை.