ஆல்பர்ட்டா கிங் பற்றிப் பேச உதவி வேண்டும்

வணக்கம். வரும் ஞாயிறு எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் ஆல்பர்ட்டா கிங் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். மார்ட்டின் லூதர் கிங்கின் அம்மா என்றால்தான் பலருக்குத் தெரியும். அட்லாண்டா எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் இவருடைய அப்பாவும் போதகர், கணவரும் போதகர். இவர் ஆர்கன் வாசித்தவர். 1968-இல் மூத்த மகனையும் 1969-இல் இளைய மகனையும் பறிகொடுத்த பிறகும் வாசிப்பை விடவில்லை. 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

எப்படி எழுதினாலும் பேச்சு அந்தத் துப்பாக்கிச் சூட்டைச் சுற்றியே போகிறது, அதுதான் சிக்கல். போதகரம்மாவாக, பாட்டியாக அவர் வாழ்ந்ததைச் சொல்லும் பேட்டி ஏதாவது தெரியுமா? அப்புறம், அட்லாண்டா போனவர்கள் பழைய ஆலயத்தின் உள்ளே எடுத்த படம் இருந்தால் அனுப்புங்களேன்.