காளானை ஊற வைக்கணுமா, அலசினால் போதுமா?

கோபி மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம்ங்க. காளானைச் சுத்தம் செய்வதில் எங்கள் வீட்டில் தீராத பஞ்சாயத்து. பாக்கெட்டில் வரும் மொட்டுக் காளானை அத்தை உப்பும் மஞ்சள்தூளும் போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைப்பார், அப்புறம் ஒவ்வொன்றாகத் தோல் உரித்துக் காம்பையும் கிள்ளிப் போட்டுவிடுவார். "குப்பையில முளைக்கிறது, சும்மா அலசினாப் போயிருமா" என்பார். அதை வாணலியில் போட்டால் தண்ணீராக விட்டுக்கொண்டு, கடைசியில் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டுக்காரரோ தண்ணீரே படக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்கிறார். மேலே கறுப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால் வெறுமனே துடைத்துச் சமைக்க எனக்கு மனசு வரவில்லை. புரட்டாசி மாதம் கறி கிடையாது, காளான்தான் அடிக்கடி வாங்குவோம். சந்தையில் சிப்பிக் காளானும் கிடைக்கிறது, அதையும் இப்படித்தான் சுத்தம் செய்யணுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெருந்துறை குடில்காரர்:
அம்மணி, அத்தை கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ஊற வைக்கத் தோன்றாது. மொட்டுக் காளான் வளர்வது வைக்கோல், கோழி எரு எல்லாம் சேர்த்து மக்க வைத்த உரத்தில், அது உண்மைதான். ஆனால் அந்த உரத்தை நீராவியில் சூடேற்றி ஆற வைத்த பிறகுதான் வித்துப் போடுவார்கள், வித்து வெள்ளை இழையாக உரத்தில் பரவின பிறகு அதற்கு மேலே தனியாக ஒரு மண் அடுக்கைப் போர்த்துவார்கள். காளான் தலை நீட்டுவது அந்த மேல்மண்ணில். நீங்கள் பார்க்கும் கறுப்பு அந்த மண்தான், அது உள்ளே இறங்குவதில்லை.

முதலில் காம்பின் அடியில் மண் பிடித்த நுனியை மட்டும் சீவிவிடுங்கள், இதை நனைப்பதற்கு முன்பே செய்யணும், இல்லாவிட்டால் அந்த மண் மற்றதிலும் ஒட்டும். அப்புறம் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் காளானைப் போட்டு, கையால் நாலு சுற்றுச் சுற்றி உடனே மேலாக அள்ளி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்து வடிக்காதீர்கள், அடியில் தங்கின மண் திரும்ப மேலேயே வந்து விழும். போகாத இடத்தைப் பெருவிரலால் தேய்த்தால் போய்விடும். பழைய வேட்டித் துணியில் பரப்பி ஒத்தி எடுத்து, அதற்குப் பிறகு நறுக்குங்கள். முழுதாக இருக்கும்போது ஓர் அலசலில் அது குடிக்கும் தண்ணீர் மிகவும் கொஞ்சம், அதனால் உங்கள் வீட்டுக்காரர் பயப்பட வேண்டியதில்லை. அரை மணி நேரம் ஊறினால், நறுக்கிவிட்டுக் கழுவினால், அப்போதுதான் சிக்கல்.

தோல் உரிக்கத் தேவையே இல்லை. காம்பும் சாப்பிடுகிற பாகம்தான், கிள்ளிப் போட்டால் காசுதான் வீண்.

சிப்பிக் காளான் விஷயம் வேறு. காளான் வளர்க்கும் எங்கள் குடிலில் வைக்கோலை நறுக்கி ஊற வைத்து, வேக வைத்து, ஈரம் வடித்துப் பாலித்தீன் பையில் அடுக்கடுக்காகப் போட்டு வித்து வைக்கிறோம். மண்ணே கிடையாது. அடியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும் கட்டியான பாகத்தை அரிந்துவிட்டால் வைக்கோல் துணுக்கெல்லாம் அதோடு போய்விடும். குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளில் தண்ணீர் தங்கும் என்பதால் ஓடும் குழாயில் ஒரு காட்டுக் காட்டி உதறினால் போதும். கத்தி வேண்டாம், கையாலேயே நீளவாக்கில் கிழிக்கலாம். அந்தப் பைகளுக்குத் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால்தான் நாங்கள் காளானைப் பறிப்போம், ஈரத்தோடு பறித்தால் சீக்கிரம் நொசநொசத்துவிடும். அப்படிப் பார்த்துப் பறித்ததை வீட்டில் தண்ணீரில் போட்டு வைத்தால் எங்களுக்கு மனசு கேட்காது.

பள்ளிபாளையம் சமையல்:
சுத்தம் செய்வதைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். ரப்பர் மாதிரி ஆவதற்கு அடுப்பும் ஒரு காரணம்ங்க. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், எப்படிக் கழுவினாலும் சூடு பட்டதும் அது வெளியே வரத்தான் செய்யும். சின்னச் சட்டியில் குவித்துப் போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் விட்டால் அந்தத் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருக்கும். அகல வாணலி, நல்ல தீ, மூடி வேண்டாம். நிறைய இருந்தால் இரண்டு தடவையாகப் போடுங்கள்.

எங்கள் ஊரில் கோழியில் செய்வதைப் புரட்டாசியில் காளானில் செய்வோம். வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுக் கடலை எண்ணெயில் போட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நிறைய சேர்த்து வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, காளானைக் கொட்டிக் கிளறுங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டு வரும், பயப்படாதீர்கள். சளசள என்ற சத்தம் அடங்கி, எண்ணெய் பிரிந்து சுறுசுறு என்று வறுபடும் சத்தம் கேட்கும் வரை பொறுங்கள். பல்லுப் பல்லாகக் கீறின தேங்காயை அப்போது போட்டு இன்னும் கொஞ்சம் பிரட்டி, உப்புச் சரிபார்த்து இறக்குங்கள். மசாலாத்தூள் எதுவும் வேண்டாம். சூடான அரிசிம்பருப்புச் சாதத்துக்கு இதைவிட நல்ல கூட்டு எனக்குத் தெரியவில்லை. கோயமுத்தூர் ரோட்டுக்கடைக் காளான் போல மாவில் பொரித்துக் குழம்பாகக் கிண்டுகிறவர்கள் முட்டைக்கோஸையும் சேர்ப்பார்கள், அது தனி ருசி, அதற்குக் காளானின் பதம் அவ்வளவு முக்கியமில்லை.

தாராபுரத்து அக்கா:
மஞ்சள் தண்ணீர் பற்றி ஒன்று சொல்லணும். அத்தையின் திருப்திக்காகக் கழுவும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளட்டும், கெடுதல் இல்லை. ஆனால் மழைக்குத் தோட்டத்தில் முளைக்கும் காளானைப் பறித்துவந்து, மஞ்சள் தண்ணீரில் போட்டு நிறம் மாறாவிட்டால் நல்ல காளான், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் விஷமில்லை என்று இன்னும் சில வீடுகளில் சமைக்கிறார்கள். இதெல்லாம் எதையும் காட்டாது. உயிரைப் பறிக்கும் சில காளான்களின் விஷம் எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், அதற்குள் ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். நடுவில் சரியானது போலத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. சந்தேகம் வந்தால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

புற்றுக் காளானும் அரிசிக் காளானும் தலைமுறையாகச் சாப்பிட்டு வருவதுதான், இல்லையென்று சொல்லவில்லை. நின்ற இடத்தையும் வேரையும் பார்த்தே சொல்லக்கூடிய பெரியவர்கள் கூட இருந்தால் சரி. புல்தரையில் குடை மாதிரி பெரிதாக விரியும் வெள்ளைக் காளானைக் குழந்தைகள் ஆசையாகப் பறிப்பார்கள், அதில் குடலைப் பிரட்டும் வகை உண்டு. விற்கிறவர் யார், எங்கே பறித்தது என்று தெரியாமல் காட்டுக் காளானை வாங்காதீர்கள்.

கோபி மருமகள்:
ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். அலசி, துணியில் ஒத்தி, நறுக்கிச் செய்யப்போகிறேன், அத்தைக்கும் படித்துக் காட்டினேன். அந்த மேல்மண் விஷயத்தைக் கேட்டதும் "அப்படீன்னா சரி" என்றுவிட்டார். இன்னொன்று கேட்கணும். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள், வெள்ளிக்கிழமையே வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளலாமா? சிப்பிக் காளானின் அடியில் சில சமயம் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அது பூஞ்சை பிடித்ததா?

பெருந்துறை குடில்காரர்:
கழுவி வைக்காதீர்கள் அம்மணி. மொட்டுக் காளானை வாங்கின பாக்கெட்டிலேயே ஃபிரிட்ஜில் வையுங்கள், மேலே ஓட்டை இருந்தால் அதை அடைக்க வேண்டாம், காற்றே போகாமல் கட்டி வைப்பது ஆபத்து. பிரித்துவிட்டால் காகிதப் பையிலோ பருத்தித் துணியிலோ சுற்றி வையுங்கள். லேசாகப் பழுப்பேறினால் பரவாயில்லை, சமைக்கலாம். தொட்டால் வழவழப்பாக இருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

அந்தப் பஞ்சு காளானின் சொந்த இழைதான், அரிந்துவிட்டுச் சமைக்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால் வேண்டாம். சிப்பிக் காளான் மட்டும் ஞாயிறு வரை தாங்குவது கஷ்டம், சனிக்கிழமை சாயந்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பால் காளான் கேட்டுப் பாருங்கள். அது நம்மூர் வெயிலுக்கு நன்றாக வரும், கெட்டியான தண்டு, ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் இருக்கும். அதற்கும் மேல்மண் போடுவோம் என்பதால் அடிக்காம்பை மட்டும் தாராளமாக வெட்டிவிடுங்கள்.