தொழிற்பழகுநர் பயிற்சிக்கு முன் செய்முறைப் பழக்கம் பெற எங்கே செல்லலாம்?

கேள்வி:
கோவையில் எலக்ட்ரீசியன் பிரிவில் 2 ஆண்டு ஐடிஐ படிப்பை முடித்து, தொழிற்பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். பட்டறையில் ஒரே மோட்டாரைச் சுற்றிப் பலர் நின்றதால் கையால் செய்து பார்த்தது குறைவு. அழைப்பு வரும்வரை வீட்டு ஒயரிங் எடுப்பவரிடம் ஹெல்ப்பராகச் சேர்வதா, மோட்டார் காயில் கட்டும் கடைக்குச் செல்வதா என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
காயில் கடைக்கே செல்லுங்கள், தம்பி. ஒயரிங் வேலையில் புதிதாகச் சேர்பவருக்குச் சுவர் வெட்டுவதும் பைப் பதிப்பதும்தான் வெகுநாள் கிடைக்கும்; மில்லிலோ பம்ப் தொழிற்சாலையிலோ உங்கள் கைக்கு வரப்போவது மோட்டார்தான். எரிந்த மோட்டாரைப் பிரித்தால், அது எதனால் எரிந்தது என்பது காயிலிலேயே தெரியும். மூன்று ஃபேஸ் மோட்டாரில், ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்வது) இரண்டு ஃபேஸின் காயில்கள் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல இருந்தாலோ, டெல்டாவில் (காயில்கள் முக்கோணமாக இணைவது) ஒன்று கருகி இரண்டு நன்றாக இருந்தாலோ, ஓடும்போது ஒரு ஃபேஸில் கரண்ட் போயிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். மூன்றும் ஒரேமாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடை, அதாவது அளவுக்கு மீறிய சுமையைப் பார்க்க வேண்டும். இதைப் படத்தில் பார்ப்பதற்கும் மேசைமேல் வைத்துப் பார்ப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் கன்ட்ரோல் ஒயரிங் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுற்றின் இணைப்பு) அந்தக் கடையில் அதிகம் கிடைக்காது. பழைய கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே (சுமை மிகுந்தால் மோட்டாரை நிறுத்துவது), இரண்டு புஷ் பட்டன் வாங்கி, பலகையில் டிஓஎல் ஸ்டார்ட்டராக (மோட்டாரை நேரடியாக லைனில் இணைத்து ஓட்டுவது) இணைத்துப் பழகுங்கள். கரண்ட் கொடுக்கவே வேண்டாம். கான்டாக்டரைக் கையால் அழுத்தி, ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக வரும் 13, 14 முனைகளில் மல்டிமீட்டரின் பஸ்ஸர் ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை விட்ட பிறகும் மோட்டார் ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது விளங்கும். பிறகு ரிலேயை டிரிப் செய்து, சாதாரணமாக மூடியிருக்கும் அதன் 95, 96 முனைகளில் பஸ்ஸர் நிற்கிறதா என்று சோதியுங்கள். நேர்முகத் தேர்வுகளில் இதைத்தான் வரையச் சொல்வார்கள் (ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையும் கேட்பவர்கள் உண்டு).

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. ஐடிஐக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்று சில பொதுத்துறை நிறுவனங்களின் தொழிற்பழகுநர் அறிவிப்புகளில் நிபந்தனை இருக்கும். ஆகவே எங்கே சேர்ந்தாலும் சில மாதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பின் தகுதிப் பகுதியை முழுவதும் படியுங்கள்.