ஆளில்லாத அறையின் உள்தாழ் தானாக விழுமா?

விளக்கொளி:
"தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு என்று எதுவும் இல்லை, பூட்டியதை மறந்துவிடும் ஆட்கள்தான் உண்டு" என்று, கதவு தானாகப் பூட்டிக்கொள்ளுமா என நான் இங்கே கேட்டதற்கு, உளி அவர்கள் நேற்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் வீட்டில் நடந்தது இன்னதென்று கேட்காமலேயே என்னை மறதிக்காரன் ஆக்கிய அந்த வரியை நான் ஏற்கப் போவதில்லை. எங்கள் மாடியறை எப்போதாவதுதான் புழங்கும். அதன் ஒற்றைக் கதவில், உட்பக்கம், நெஞ்சு உயரத்தில், படுக்கைவாக்கில் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. பத்து நாள்களுக்குள் இரண்டு முறை, உள்ளே ஒருவரும் இல்லாதபோது, அந்தத் தாழ் கதவுநிலையில் உள்ள நாதாங்கிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு முறையும் பக்கத்து ஜன்னல் கம்பிகளுக்கிடையே ஒரு நீளக் கோலை நீட்டி, தோள் கடுக்க அரை மணி நேரம் போராடிய பிறகே தாழை நகர்த்த முடிந்தது. வெளியே நிற்கும் ஒருவன் உள்தாழைப் போட்டுவிட்டு மறந்துபோவது எப்படி என்பதை உளி அவர்கள் விளக்கட்டும். தண்டு நகராதிருக்க, தாழின் குமிழை நான் கீழே மடித்தே வைத்திருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உளி:
இருபத்திரண்டு ஆண்டுகளாக நிலை நிறுத்துவதும் கதவு மாட்டுவதும்தான் என் தொழில். நான் எழுதிய வரியில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். தாழிட்டதை நீங்கள் மறக்கவில்லை என்றால், குமிழை மடிக்க மறந்தீர்கள், வேறுபாடு அவ்வளவுதான். கதவின் அடியில் நெட்டுக்குத்தாக இருக்கும் தாழ், குமிழ் மடிக்கப்படாமல் விடப்பட்டால், கதவு அதிரும்போது தன் எடையாலேயே தரைக்குழியில் இறங்கிவிடும். அதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். படுக்கைவாக்கில் உள்ள தாழுக்கு இறங்குவதற்கு இடமே இல்லை. குமிழ் காடிக்குள், அதாவது அது மடிந்து உட்காரும் வெட்டுக்குள், இருந்தால் அந்தத் தண்டு ஒரு நூலளவுகூட நகராது. உங்கள் தாழ் நகர்ந்திருக்கிறது; ஆகவே குமிழ் மடிக்கப்படவில்லை.

ஊசல்:
நான் இயற்பியல் கற்பிப்பவள். படுக்கைவாக்கில் உள்ள தாழை நகர்த்த எந்த விசையும் இல்லை என்பது போல உளி அவர்கள் பேசுவது தவறு. கீலைச் சுற்றிச் சுழலும் கதவில் பொருத்திய எந்தப் பொருளும் கீலைவிட்டு வெளிப்பக்கமாக விலகவே முயலும். தாழ் போடும் திசையும் அதுவேதான். கதவு 80 சென்டிமீட்டர் அகலம் என்றும், காற்றில் அறைந்து சாத்தும்போது அதன் ஓரம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து 70 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள தாழ்த்தண்டு, கதவோடு சேர்ந்து சுழலும் நிலையில், உணரும் வெளிநோக்கிய முடுக்கம் ஏறத்தாழ 9.8 மீ/நொடி² ஆகும். புவியீர்ப்பு முடுக்கமும் அதே அளவுதான். அதாவது, அந்த நொடியில் அந்தத் தண்டை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கையை விட்டதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. காற்றுக்கு அவ்வளவு வலுவுண்டா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: அறைக்கு உள்ளும் வெளியும் வெறும் 10 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தாலே, 2 மீட்டர் உயரமுள்ள அந்தக் கதவின் மீது ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடையை வைத்துத் தள்ளுவதற்குச் சமமான விசை விழும். அந்த 10 பாஸ்கல் என்பது வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

விளக்கொளி:
ஊசல் அம்மா அவர்களுக்கு நன்றி. என்னை மறதிக்காரன் என்று சொல்லாமல், கதவைப் பற்றிப் பேசிய முதல் ஆள் நீங்கள்தான்.

உளி:
நன்றி சொல்ல அவசரப்பட வேண்டாம், ஐயா. ஆசிரியை கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அந்த முடுக்கத்தில் தண்டு பத்தில் ஒரு நொடியில் 5 சென்டிமீட்டர் வெளியே வந்துவிடும். அதே பத்தில் ஒரு நொடியில் கதவின் ஓரம் கடப்பது 30 சென்டிமீட்டர். அப்படியென்றால் கதவு நிலையைத் தொடுவதற்கு முன்பே தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். நாதாங்கியின் முகத்தில் மோதிக் கதவு திரும்பிவிடும். தாழ் விழாது, கதவுதான் சாத்தாது. நாதாங்கி நெளிந்த கதவுகளை நான் நிமிர்த்தியிருக்கிறேன். அவை இப்படி மோதியதால் நெளிந்தவைதான். இவ்வளவும் குமிழ் மடிக்கப்படாமல் இருந்தால் மட்டுமே நடக்கும் என்பதைக் கவனியுங்கள். ஆசிரியையின் கணக்கும் கடைசியில் என் பக்கமே சாட்சி சொல்கிறது.

சாவிக்கொத்து:
இரண்டு பேரும் தாழையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் பெரும்பாலும் விசைப்பூட்டுக் கதவுகள்தாம். சாய்வாக வெட்டிய நாக்கு, அதன் பின்னால் ஒரு சுருள்வில். கதவு மோதியதும் நாக்கு உள்ளே போய், நிலையில் உள்ள குழியைக் கண்டதும் வெளியே வந்துவிடும். சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்பவர்கள் எல்லாரும் அந்தச் சாய்வு நாக்கால் வந்தவர்கள். கைப்பிடிக் குமிழின் நடுவில் அழுத்துபொத்தான் வைத்த பூட்டு இன்னொரு வகை. கதவை முழுவதும் திறந்துவிடும்போது அந்தப் பொத்தான் பின்சுவரில் இடித்து அழுந்திவிடும். அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துக் காற்றில் கதவு சாத்தும்போது, பூட்டிய நிலையிலேயே சாத்திக்கொள்ளும். கதவின் பின்னால் சுவரில் வட்டமாக ஒரு சுண்ணாம்புப் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். நான் பழுது பார்த்த "பேய்க் கதவு"களில் பாதிக்கு மேல் அந்தப் பள்ளத்தோடுதான் இருந்தன. ஒரு ரப்பர் முட்டு வைத்ததும் பேய் போய்விட்டது.

உளி:
கேட்டது தாழைப் பற்றி. சொல்வது பொத்தானைப் பற்றி. சென்ற மாதம், சாவி உள்ளிருக்கும் ஊசிகளைத் தூக்கித் திறக்கும் ஊசிப்பூட்டுக்குள் எண்ணெய் ஊற்றச் சொன்னவரும் இவர்தான். எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகி ஊசிகள் சிக்கிக்கொள்ளும், காரீயத்தூள்தான் (பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்) போட வேண்டும் என்று நான் எழுதியதற்கு இன்றுவரை இவரிடமிருந்து பதில் இல்லை.

சாவிக்கொத்து:
நான் சொன்னது கெட்டியான எண்ணெய் அல்ல, பூட்டுக்கென்றே வரும் இலேசான எண்ணெய். அதை அன்றும் நீங்கள் முழுமையாகப் படிக்கவில்லை, இன்றும் படிக்கவில்லை. மரவேலை தெரிந்தவருக்குப் பூட்டும் தெரியும் என்று யார் சொன்னது? நாதாங்கிக்கு உள்ளே இருப்பது உங்கள் துறை. பூட்டுக்கு உள்ளே இருப்பது என் துறை.

மூன்றாம்படி:
நான் இந்த உரையாடலுக்குப் புதியவள். ஒரு சிறு வேண்டுகோள். பூட்டிக்கொள்வது, தாழ் விழுவது, ஈரத்தில் மரம் உப்பி இறுகிக்கொள்வது ஆகிய மூன்றும் வேறு வேறு அல்லவா? எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வகுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். எனக்கு அவசரக் காரணமும் உண்டு. சென்ற வாரம் என் மூன்று வயது மகள் உள்ளே நிற்கும்போது குளியலறைக் கதவு இப்படிப் பூட்டிக்கொண்டது. அவள் அழுகையை நிறுத்திய அந்த இரண்டு நிமிடங்கள்தாம் எனக்கு அழுததைவிடப் பயமாக இருந்தன.

உளி:
சொல்லாராய்ச்சி இங்கே தேவையில்லை, அம்மா. கதவு திறக்கவில்லை என்றால் அது பூட்டிக்கொண்ட கதவுதான். விவாதம் ஒன்றே ஒன்றைப் பற்றியது: அந்த மாடியறைத் தாழின் குமிழ் மடிக்கப்பட்டிருந்ததா, இல்லையா?

சாவிக்கொத்து:
மூன்றாம்படி அவர்களே, உங்கள் கதவில் பொத்தான் பூட்டு இருந்தால், வெளிப்பக்கக் குமிழின் நடுவில் ஒரு சிறு துளையோ ஒரு கீறலோ இருக்கும். துளையென்றால் மெல்லிய கம்பியை நேராக உள்ளே செலுத்தி அழுத்துங்கள், கீறலென்றால் நாணயத்தின் ஓரத்தை வைத்துத் திருப்புங்கள், திறந்துவிடும். அந்தக் கம்பியை நிலையின் மேல் விளிம்பில் எப்போதும் வைத்திருங்கள். உள்தாழ் மட்டுமே உள்ள கதவென்றால், குழந்தைக்கு எட்டும் உயரத்திலிருந்து அந்தத் தாழை இன்றே கழற்றிவிடுங்கள்.

ஊசல்:
உளி அவர்களின் மறுப்புக்கு வருகிறேன். தண்டு தொடக்கத்திலிருந்தே நழுவுகிறது என்று நான் சொல்லவில்லை. உலோகத்தின் மீது உலோகம் உரசும் உராய்வைக் கடந்த பிறகே அது நகரும். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், கதவின் ஓரம் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேகம் பெறும்வரை தண்டு அசையாது. அதற்கு மேல், கதவு உப்பி நிலையை உரசும் கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில்தான் அதிர்வு வந்து குமிழ் விடுபட்டிருந்தால், தண்டு அப்போது புறப்படும். கதவு நின்ற பிறகும் தான் பெற்ற வேகத்தில் நாதாங்கியை நோக்கி நகரும். புவியீர்ப்பும் அதிர்வும் பூட்டும் வேலையைச் செய்வது புதியதும் அல்ல. பழைய எகிப்தின் மரப்பூட்டில், குறுக்குத்தண்டை நகர்த்தியதும் மேலிருந்த மர ஊசிகள் தம் எடையாலேயே விழுந்து பூட்டிக்கொண்டன.

சாவிக்கொத்து:
எகிப்து என்று எல்லாரும் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்கள். அந்த வகைப் பூட்டுக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது இன்றைய ஈராக்கின் கோர்சாபாத்தில், இரண்டாம் சார்கோனின் அரண்மனை இடிபாட்டில் கிடைத்தது. அவன் ஆண்டது கி.மு. 722 முதல் 705 வரை, அது அசீரியா. அந்த ஊசிகளுக்கு மேல் சுருள்வில் வைத்துச் சிறிதாக்கிய பூட்டுக்கு இளைய லைனஸ் யேல் காப்புரிமை பெற்றது 1861இல். பூட்டு வரலாற்றைப் பேசும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஊசல்:
எகிப்திலும் அந்த வகைப் பூட்டு வழங்கியது என்பதை நீங்கள் மறுக்கிறீர்களா, அல்லது என்னைத் திருத்த வேண்டும் என்பதற்காக மட்டும் அசீரியாவுக்குப் போனீர்களா? ஊசி எங்கே விழுந்தாலும் அதை விழச் செய்தது அதே புவியீர்ப்புத்தான்.

உளி:
எகிப்தும் அசீரியாவும் அந்த மாடியறையில் இல்லை. ஆசிரியை அவர்களே, "குமிழ் விடுபட்டிருந்தால்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கீழே மடித்த குமிழ் விடுபட வேண்டுமானால் அது மேலே எழும்ப வேண்டும்; தன் எடைக்கு எதிராக எந்தக் குமிழ் எழும்பும்? காடி கீழ்ப்பக்கம் இருந்தால் குமிழின் எடையே அதைக் காடிக்குள் பிடித்து வைக்கும். மேல்பக்கம் இருந்தால்தான் எடை அதை வெளியே இழுக்கும். விளக்கொளி ஐயா ஒன்று செய்யட்டும். தாழ்ப்பாளின் தகட்டைப் பார்க்கட்டும். குமிழை வழக்கமாக மடித்து வைப்பவர் வீட்டில், குமிழ் சுழலும் வழியில் பெயின்ட் தேய்ந்து பிறைபோல ஒரு தடம் இருக்கும். மடிக்காதவர் வீட்டில் நேர்க்கோடு மட்டும்தான் இருக்கும். தகடு பொய் சொல்லாது.

விளக்கொளி:
பார்த்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மூக்கு தகட்டில் படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தேன். பழுப்புப் பெயின்டில் நீளவாக்கில் ஒரு கோடு பளபளக்கிறது. திறந்த நிலையில் குமிழ் வந்து நிற்கும் இடத்தில், காடியின் வாயிலிருந்து கீழ்நோக்கி, நகக்கண் அளவு பிறையும் இருக்கிறது. காடியின் உதடு ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கியும் இருக்கிறது. ஆகவே நான் குமிழை மடிப்பவன் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. இப்போது உளி அவர்கள் தம் வரியைத் திரும்பப் பெறுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

உளி:
நகக்கண் அளவு பிறை என்கிறீர்கள். முழுவதும் மடித்தால் கால்வட்டம் தேய்ந்திருக்க வேண்டும். அரைகுறையாக மடித்து, காடியின் உதட்டிலேயே குமிழை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறீர்கள். உதடு தேய்ந்தது அதனால்தான். அது மடித்ததாகாது. குமிழ் மடிக்கப்படவில்லை.

ஊசல்:
உதடு மழுங்கியிருக்கிறது என்றால், அதிர்வில் குமிழ் நழுவ அதுவே போதுமானது; அப்படியென்றால் கதவு தானாகத்தான் தாழிட்டுக்கொண்டது. காடியின் ஆழத்தையும் குமிழின் தடிமனையும் மில்லிமீட்டரில் அளந்து சொன்னால் நான் கணக்கிட்டுத் தருகிறேன்.

மூன்றாம்படி:
நான் குளியலறைத் தாழைக் கழற்றிவிட்டேன். கதவின் வெளிப்பக்கக் குமிழில் துளையும் இருந்தது. கம்பியை நிலைமேல் வைத்துவிட்டேன். சாவிக்கொத்து அவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் யாரும் என் கேள்வியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாவிக்கொத்து:
அவர்கள் பார்க்க மாட்டார்கள், அம்மா. காரீயத்தூள் விவாதத்திலும் இப்படித்தான் நடந்தது.

உளி:
காரீயத்தூள் விவாதத்தில் என்ன நடந்தது என்பதை நான் தனியாக எழுதுகிறேன். இங்கே மீண்டும் சொல்கிறேன்: மழுங்கிய உதட்டைக் கண்ணால் கண்டும் அதை அரத்தால் சீவி ஆழப்படுத்தாமல் விட்டவர், கதவின் மீது பழி போடக் கூடாது.

விளக்கொளி:
நேற்றுவரை மறதி, இன்று காலை அரைகுறை மடிப்பு, இப்போது அரம். என் மீதான குற்றச்சாட்டு மாறிக்கொண்டே இருக்கிறதே தவிர, தாழ் எப்படி நகர்ந்தது என்பதற்கு உளி அவர்களிடமிருந்து ஒரு விடையும் வரவில்லை. மறதிக்காரன் என்ற சொல்லை அவர் திரும்பப் பெறும்வரை காடியின் ஆழத்தை நான் அளக்கப் போவதில்லை. குமிழ் மடிக்கப்பட்டிருந்தது.

உளி:
மடிக்கப்படவில்லை.