பதில்: ஸ்கிசோஃப்ரினியா – ‘மனச்சிதைவு’ போதாதா?

அண்ணா, வணக்கம்.

> ஊரறிந்த சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

ஸ்கிசோஃப்ரினியா பற்றிய நம் கையேட்டின் வரைவை ஒரு வீட்டில் படிக்கக் கொடுத்தேன். தலைப்பில் ‘மனச்சிதைவு’ என்று பார்த்ததுமே அந்த அம்மா கேட்டார்: “சிதைஞ்சது மறுபடி சேருமாம்மா?” பையன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மாத்திரையில் குரல்கள் அடங்கி, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறவன். கருச்சிதைவு, உருச்சிதைவு என்று பழகிய காதுக்குச் சிதைவு என்றால் முடிந்துபோனது என்றுதான் கேட்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த நோய்க்கு முன்பு ‘டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்’ என்று பெயர்; இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு என்று பொருள். ஜெர்மனியின் கிரேப்பலின் பரப்பிய பெயர் அது. எல்லோருக்கும் அறிவு தேய்வதில்லை, எல்லோருக்கும் இளமையில் வருவதுமில்லை என்று கண்ட சுவிஸ் மருத்துவர் பிளாய்லர், 1908இல் பெர்லினில் பேசும்போது ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்றார். தேய்வைக் கழற்றுவதற்காகவே வந்த சொல்லில் நாம் சிதைவை மாட்டி வைத்திருக்கிறோம்.

> அப்படியானால் ‘மனப்பிளவு’. மூலத்துக்கு நெருக்கம்.

நெருக்கம்தான், ‘ஸ்கிசோஃப்ரினியா’வின் கிரேக்க மூலத்துக்கும் ‘பிளந்த மனம்’ என்றுதான் பொருள். வம்பும் அங்கேதான். பிளவு என்றதும் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் என்று சினிமா ஓடத் தொடங்கிவிடும். அது வேறு சங்கதி. பிளாய்லர் சொன்ன பிளவு நினைப்புக்கும் உணர்ச்சிக்கும் செயலுக்கும் இடையில் விழுவது. துக்கச் செய்தியைச் சொல்லும்போது முகம் சிரிக்கும். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் முடிச்சு இருக்காது. யாரும் பேசாமலே குரல் கேட்கும், அந்தக் குரல் நிஜம் என்றே தோன்றும்.

ஜப்பானியர்களிடமும் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பெயர்தான் இருந்தது. மாற்றச் சொல்லி 1993இல் கேட்டது நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம். 2002இல் ‘ஒருங்கிணைவு குலைந்த நிலை’ என்ற பொருளில் மாற்றினார்கள். அதுவரை நோயின் பெயரை நோயாளியிடமே சொல்ல மருத்துவர்கள் தயங்கினார்கள்; சொல்லப்பட்டவர்கள் 100க்கு 37 பேர் அளவில்தான். மூன்றே ஆண்டில் அது 70 ஆனது. தென்கொரியா 2011இல் தந்திக் கருவிக்குச் சுருதி கூட்டுவதிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை. ஆனால் தமிழில் ‘சுருதி பிசகிய நோய்’ என்றால் கேலியாகிவிடும்.

‘மன இசைவுக் கோளாறு’ என்று அக்கா எழுதியிருந்தார். இனிமையான சொல். ஆனால் மருத்துவமனையில் இசைவு என்றால் கையெழுத்துப் போட்டுத் தரும் சம்மதம். அந்த இடத்திலேயே இது குழப்பும். ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுக்கு: அந்தப் பையனின் பாட்டிக்கு அது வாயில் நுழையவில்லை, அதனால் ‘அந்தச் சீக்கு’ என்கிறார்.

என் பரிந்துரை: மன இயைபுக் கோளாறு. இயைதல் என்றால் ஒன்றோடொன்று பொருந்திப் போதல். பிளாய்லர் சொன்னதும் அந்தப் பொருத்தம் தளர்வதைத்தான். தளர்ந்ததை இறுக்கலாம் என்ற எண்ணத்துக்கும் இடம் இருக்கிறது. பள்ளியில் எதுகை, மோனை, இயைபு படித்தவர்களுக்குச் சொல்லும் புதிதல்ல.

---

தங்கைக்கு,

இயைபு என்றால் எனக்கு வேதியியல் பாடம்தான் நினைவுக்கு வருகிறது. மனத்தின் இயைபில் என்ன கலந்திருக்கிறது என்று யாராவது கேட்பார்கள், பாருங்கள். ஆனாலும் நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சொல். அதற்காகவே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு திருத்தம். தலைப்பை மாற்றினாலும் அடைப்புக்குறிக்குள் ‘மனச்சிதைவு’ இருக்கட்டும். இணையத்தில் தேடுகிறவர்கள் அதைத்தான் தட்டுவார்கள். அப்புறம், சிதைவு வேண்டாம் என்று இவ்வளவு எழுதிய நீங்களே வரைவின் 4ஆம் பக்கத்தில் ‘மனச்சிதைவாளர்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘இந்நோய் உள்ளவர்’ என்று மாற்றி அனுப்புங்கள்.