போலிக் கோப்பு வேண்டாம், வாயிற்கோப்பு எப்படி?

வணக்கம் எல்லோருக்கும்,

லினக்ஸ் இயங்குதளச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிற நம் பேச்சில், சூடோ ஃபைலுக்குப் ‘போலிக் கோப்பு’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். வட்டில் இல்லாமல், திறக்கும்போது கேர்னல் (இயங்குதளத்தின் கரு) காட்டுகிற கோப்புத்தான் சூடோ ஃபைல். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தமிழில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன், போலி என்றதும் உள்ளே இருப்பதெல்லாம் பொய் என்றுதான் அவர்கள் எடுப்பார்கள். லினக்ஸின் புரொக் கோப்புறையில் ஒவ்வொரு முறைவழியின் (புரொசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்ணுக்குக் கீழும் ‘மெம்’ என்றொரு கோப்பு இருக்கிறதே, அதைப் பாருங்கள். அளவு 0 என்று காட்டும், வட்டில் ஒரு பைட்கூட இல்லை, ஆனால் வாசித்தால் வருவது ஓடிக்கொண்டிருக்கும் முறைவழியின் நினைவகத்தில் அந்தக் கணம் கிடக்கிற பைட்டுகளேதான். அதைப் போய்ப் போலி என்பதா?

கோர் டம்ப் என்பதற்குச் சொல்கிற ‘நினைவகக் கொட்டல்’ என்ற பெயரை இதற்கு வைப்பதும் சரிவராது. கோர் டம்ப் நினைவகத்தை ஒரு கணத்தில் எடுத்து வைத்த நகல். இதில் அடுத்தடுத்து இரண்டு தரம் வாசித்தால் இரண்டு விடை வரலாம்.

இந்தக் கோப்பு எதையும் சேமித்து வைப்பதில்லை, உள்ளே போக வழி விடுகிறது. அதனால்தான் வாயிற்கோப்பு என்கிறேன். வாயில் என்றால் காவலும் கூடவே வரும், கேர்னலும் பி-ட்ரேஸ் அனுமதியை (ஒரு முறைவழி இன்னொன்றின் உள்ளே பார்க்கலாமா என்பதை) பார்த்துத்தான் விடுகிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் வழமையான அமைப்பில், உங்களுடைய முறைவழியாகவே இருந்தாலும், வாசிக்கிற நிரலே தொடக்கிவைத்த ஒன்றாக இல்லாவிட்டால் மறுத்துவிடும், ரூட்டுக்கு (எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு) மட்டும் திறக்கும். இந்தக் கோப்பில் எழுதுவதற்கான சோதனை பிழைத்துப்போனதால் சாதாரணப் பயனரும் ரூட் ஆகக்கூடிய ஓட்டை ஒன்று 2012 ஜனவரியில் வெளிவந்தது.

வகுப்பில் பிள்ளைகள் முதலில், கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ‘கேட்’ கட்டளையைத்தான் போடுவார்கள். உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று வரும், ஏனென்றால் வாசிப்பு 0ஆம் முகவரியில் தொடங்குகிறது, அங்கே நினைவகப் பக்கம் எதுவும் இல்லை. நினைவகத்தில் எந்தப் பகுதி எந்த முகவரியில் என்று காட்டும் பக்கத்துக் கோப்பான ‘மேப்ஸை’த் திறந்து, ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதி) என்று முடிகிற வரியின் தொடக்க முகவரியை எடுத்து, வாசிக்கும் இடத்தை நகர்த்தும் எல்-சீக்கால் அங்கே போய், அப்புறம் வாசித்தால் தங்கள் நிரல் ஹீப்பில் வைத்த சொற்றொடரே கண்முன்னே வரும். அந்த இடத்தில் வாயில் என்ற சொல்லுக்கு நான் விளக்கமே சொல்லத் தேவையில்லை.

கேட்வேக்கு நுழைவாயில் இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்பீர்கள். அது வலையமைப்புச் சொல், இதில் கோப்பு என்று சேர்ந்தே வருகிறது, குழம்பாது.

யோசனையும் பழையதுதான். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் எட்டாம் பதிப்புக்கென்று டொம் கில்லியன் என்பவர் புரொக்கைச் செய்து 1984இல் அதைப் பற்றி எழுதியபோது முறைவழிக்கு ஒரு கோப்புத்தான், அதைத் திறந்தால் நினைவகமே.

புரொசஸுக்குச் ‘செயல்முறை’ என்று தமிழ்நாட்டு நண்பர்கள் எழுதுகிறார்கள். இங்கே செயன்முறை என்றால் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடப் பரீட்சைதான் ஞாபகம் வரும், ஆகவே முறைவழியையே வைத்திருப்போம்.

மேப்ஸுக்கு ‘முகவரிப் பட்டியல்’ என்று குறித்திருக்கிறேன். அனுமதிகளும் அதே வரியில் வருவதால் பெயர் போதாதோ என்று படுகிறது. வேறு சொல் இருந்தால், வருகிற கிழமை வகுப்புக் குறிப்பு அச்சுக்குப் போக முன்னம் சொல்லுங்கள்.